கெங்கம்மாள் பேச்சுக்கு நூற்றுப் பன்னிரண்டு ரேகை

நயா பைசா வந்து ஊரே குழம்பிக் கிடந்த ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரை மாதத்தில் இது நடந்தது. என் பெயர் அப்துல் ரவூப். சொந்த ஊர் பழவேற்காடு. அங்கே போர்டு ஸ்கூலில் எட்டாவது வரை படித்தேன். பிறருக்காகக் கடிதமும் மனுவும் எழுதுவது என் தொழில். மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ரயில் நிற்கிற ஓர் ஊரில், ஸ்டேஷன் ரோட்டில், ஜெயராஜின் டீக்கடைத் தகரக் கொட்டகைக்குக் கீழே என் மேஜை. ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே எனக்கு இன்னும் வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள்.

என் வேலையில் மூன்று படிகள் உண்டு. முதலில் கேட்பது, அடுத்து எழுதுவது. மூன்றாவது, எழுதியதைச் சொன்னவருக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு கையெழுத்தோ கைரேகையோ வாங்குவது. கடைசி வரியாக "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று எழுதுவேன். பிறகு நம்பர் போட்டு, நகலை என் நீள நோட்டில் ஏற்றுவேன்.

மூன்றாவது படி ஜெயராஜால் வந்தது. தொழில் தொடங்கிய புதிதில் அவன் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னான். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்பதுதான் விஷயம். நான் மரியாதைக்காக, "தாங்கள் அவசியம் வந்து சில காலம் தங்கிப் போக வேண்டும்" என்று சேர்த்துவிட்டேன். படித்துக் காட்டவில்லை. அந்த அம்மாள் இரண்டு ஆடுகளோடு பொங்கலுக்கு வந்து ஆடி மாதம்தான் போனார். அதற்கப்புறம், யார் வாயில் வார்த்தையை வைத்தாலும் அவர் காதில் அது விழாமல் என் மேஜையைவிட்டுக் காகிதம் நகர்ந்ததில்லை. ஜெயராஜ் இன்றைக்கும் என் டீயில் சர்க்கரையைக் குறைத்துத்தான் போடுகிறான்.

என் மேஜையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்பளம் தொடங்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். பாத்திகளுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. அந்த வருஷம் தை மாதம், அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கிணற்றுக்குப் போகிற பாதையில் முள்கம்பி வேலி போட்டார். கிணறு தன் பட்டாவில் வருகிறது என்றார். குடிக்கிற தண்ணீருக்கு ஒன்றரை மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. உப்பு வாரிய கையைக் கழுவத் தண்ணீர் இல்லை.

கெங்கம்மாள் என்று ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், அந்த அளத்தில் இருபது வருஷமாக வேலை பார்த்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் பேசினால் சந்தைத் திடலின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். வேலிக்கு எதிராகக் கூட்டம் போட ஆரம்பித்தவள் அவள்தான்.

முதல் கூட்டத்துக்குத் தமுக்கு அடித்தார்கள், கூடினார்கள், பேசினார்கள், கலைந்தார்கள். அவ்வளவுதான். இரண்டாவது கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக மனுக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மனுவை நான் எழுதினேன். அடுத்த தடவை பேசுகிறவர்களின் பெயர் வேண்டும் என்றார்கள். அதற்கடுத்து, தமுக்கு அடிக்கக் கூடாது. அதற்கடுத்து, ஒலிபெருக்கி கூடாது. பிறகு பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். பிறகு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது. பிறகு கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து பேச்சைக் குறிப்பெடுப்பார். எட்டாவதாக, குத்தகைக்காரரின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு நிபந்தனையும் என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் குறைந்தது. இதற்குப் போய்ச் சண்டை போடுவதா என்று ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டார்கள். நோட்டை மொத்தமாகப் புரட்டிப் பார்க்கிற எனக்குத்தான் எவ்வளவு போய்விட்டது என்று தெரியும்.

கெங்கம்மாளுக்காக நான் எழுதிய கடிதத்துக்குச் சென்னையிலிருந்து தொழிற்சங்கத்தார் எழுதிய பதில், உறையின் ஓரத்தில் கஞ்சிப் பசை காய்ந்து மொறுமொறுவென்று வந்தது. நடுவில் யாரோ பிரித்துப் படித்து ஒட்டியிருக்கிறார்கள். கெங்கம்மாளிடம் காட்டினேன்.

"படிக்கட்டும் பாய். நமக்கு எழுதனத ஒருத்தராச்சும் ஒழுங்கா படிக்கறாரே," என்றாள்.

அந்தக் கூட்டங்களுக்கு நான் போனதில்லை. மனு எழுதுகிறவன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது என் கொள்கை. என் மனைவி நசீரா அதற்கு வேறு பெயர் சொல்வாள். ஆனால் திடல் என் மேஜைக்கு நேர் எதிரே. காது தானாகக் கேட்கும்.

அவர்கள் நிபந்தனைகளோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டார்கள். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றதும், ஐம்பத்தொன்றாவது ஆள் முதற்கொண்டு மற்றவர்கள் புளிய மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவர்கள் கூட்டமில்லை, வழிப்போக்கர்கள். அறுபது பேரும் ஒரே நேரத்தில் வழிப்போக்கர்களாக இருந்தார்கள். குறிப்பெடுக்க வந்த கான்ஸ்டபிள் தேசப்பன் தலைகளை எண்ணி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, ரோசம்மாள் என்கிற பெண் எழுந்து, "இன்னா சார், நீங்க குந்துனீங்கன்னா ஐம்பத்தொண்ணு ஆவுது. மரத்துக்கு அந்தாண்ட போறீங்களா, நான் போவட்டா?" என்றாள். தேசப்பன் யோசித்துப் பார்த்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே போய்விட்டார்.

குத்தகைக்காரரின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற பிறகு, கெங்கம்மாள் அவரைப் "பேரு சொல்லக் கூடாதவரு" என்று குறிப்பிட்டாள். கூட்டத்திலிருந்த பெண்கள் விடுவார்களா?

"இன்னா கெங்கம்மா, புருசன் பேரத்தான் நாம சொல்ல மாட்டோம். எப்ப கட்டிக்கின?"

"அந்த மூஞ்சியக் கட்டிக்கினா எனக்குக் கெணறாச்சும் வருமே," என்றாள் கெங்கம்மாள். அன்றைக்கு வழிப்போக்கர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

இப்படித்தான் சித்திரை மாதம் எட்டாவது நிபந்தனையோடு அந்தக் கூட்டம் நடந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தேசப்பன் என் மேஜைக்கு வந்தார். அரை நிஜாரும் மடித்த நோட்டுமாக நின்றவர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பாய், ஒரு ஒத்தாசை. ரகசியம்."

தேசப்பனுக்கு ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் எழுத்து தெலுங்கு. ஆந்திரம் தனியாகப் பிரிந்தபோது வேலை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. தெலுங்கில் மணிமணியாக எழுதுவார். தமிழில் தன் பெயரை எழுதவே நெற்றியில் வேர்வை வரும். இதுவரை அவர் வாயால் சொல்ல, ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். ரைட்டர் அம்மை கண்டு வீட்டில் படுத்திருந்தார்.

"சாயங்கால வண்டிக்கு ரிப்போர்ட் போவணும். கெங்கம்மாவோட பேச்சு. நான் சொல்றேன், நீங்க தமிழ்ல எழுதுங்க," என்றார்.

"எதுக்கு இவ்ளோ அவசரம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சப்-இன்ஸ்பெக்டர் அய்யா கேசு போடப் போறாரு. ஜனங்களத் தூண்டி உடறாங்கன்னு. ஒரு வருசத்துக்கு எந்தக் கூட்டத்துலயும் வாய் தொறக்க மாட்டேன்னு ரெண்டு பேர் ஜாமீனோட அந்தம்மா எழுதித் தரணும். இல்லன்னா ஜெயிலு."

சொத்து உள்ள இரண்டு பேர் ஓர் உப்பளத்துப் பெண்ணுக்கு ஜாமீன் நிற்க மாட்டார்கள். அது சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்று கெங்கம்மாள் ஜெயிலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷம் வாய்மூடி இருக்க வேண்டும். அவள் வாய் மூடினால் அளத்தில் வேறு வாய் இல்லை.

நான் பேனாவில் மை நிரப்பினேன். "சொல்லுங்க, இன்னா பேசுனாங்க?"

தேசப்பன் நோட்டை விரித்தார். அழகான தெலுங்கில் மூன்று சொற்கள் இருந்தன. அவரே படித்துச் சொன்னார்: "வேலி. பிடுங்க. கை." அதற்குக் கீழே ஒரு தண்ணீர்க் குடம் வரைந்திருந்தார்.

"இவ்ளோதானா?"

"அந்தம்மா பேசறத எழுத எங்க முடியுது பாய்? சிரிச்சுக்கினே இருந்துட்டேன். வேலியப் புடுங்கணும்னு சொன்னாங்க, கை அது இதுன்னாங்க. அத வச்சு நீங்களே ஒரு மாதிரி எழுதிடுங்க. அய்யாவுக்கு அது போதும்."

நேற்று என் காதில் விழுந்தது வேறு மாதிரி. ஆனால் நான் கூட்டத்தில் இருந்தவன் இல்லை. என் காது சாட்சி ஆகாது. என்னிடம் இருந்தது மூன்று படிகள் மட்டும்தான். முதல் படியே இங்கே சரியில்லை.

"எழுதிடலாம் தேசப்பன் சார்," என்றேன். "ஆனா கெங்கம்மா பேசுனதா எழுதறோம் இல்ல? அவங்களுக்குப் படிச்சுக் காட்டி ரேகை வாங்கணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பாய், இது ரகசிய ரிப்போர்ட்டு."

"இருக்கட்டும்."

"ரகசியம்னா இன்னான்னு தெரியுமா? யாரப் பத்தி எழுதறமோ அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதான் ரகசியம்."

"அப்ப தெலுங்குலயே எழுதி அனுப்பிடுங்க. ரகசியமாத்தான் இருக்கும். யாருக்கும் புரியாது."

டீ கொண்டு வந்த ஜெயராஜ், "அவர்கிட்ட வாதாடாதீங்க சார். அந்த மூணாவது படிக்காக நான் ஏழு மாசம் மாமியாரக் கூட வச்சிருந்தேன்," என்றான்.

தேசப்பன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு விஷயத்தை வரிசையாகச் சொன்னேன். கேஸ் கோர்ட்டுக்குப் போகும். அவரைக் கூண்டில் ஏற்றுவார்கள். இந்தப் பேச்சை நீர் கேட்டீரா என்பார்கள். சத்தியம் பண்ணிக் கேட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். யார் எழுதியது என்பார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். என் நோட்டில் ரேகை இல்லாத ஒரே காகிதம் அதுதான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத இரண்டு பேர் கோர்ட்டில் என்ன பண்ணுவது?

அவர் நோட்டில் வரைந்திருந்த குடத்தையே பார்த்தார்.

"கூட்டத்துக்குக் கூட்டம் அந்தம்மாதான் எனக்குத் தண்ணி குடுப்பாங்க," என்றார். "ஒண்ணர மைல் நடந்து எடுத்துக்கினு வந்த தண்ணி." டீக் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு மட்டும் காதோட காதா படிக்கலாமா?" என்றார்.

"அது போதும்," என்றேன். அப்போது எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது.

மதியம் கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு அளத்துக்குப் போனோம். நான் மேஜைப் பலகையையும் மைக்கூட்டையும் தூக்கிக்கொண்டேன். கெங்கம்மாள் ஓலைப் பந்தலின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தேசப்பன் அவள் பக்கத்தில் குந்தி, கேஸ் விவரத்தை மெதுவாகச் சொன்னார். அவள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒரு வருசமா?" என்றாள்.

"ஒரு வருசம்."

"நான் அப்படி இன்னா சொன்னேன்?"

"அதான் எங்களுக்கும் தெரியணும்," என்றேன். "நேத்து பேசுனத அப்படியே சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

கெங்கம்மாளுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. "நேத்து நான் மொதல்ல இன்னா சொன்னேன்னா" என்று அவள் தொடங்கியதுமே, பத்துப் பாத்தி தள்ளி நின்றவர்கள் உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் பந்தலைச் சுற்றி அளம் முழுவதும் நின்றது. நிபந்தனைப்படி ஐம்பது பேருக்கு மேல் என்று தேசப்பனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டார்.

"இது கூட்டம் இல்ல சார்," என்றாள் ரோசம்மாள். "இது கஞ்சி."

கெங்கம்மாள் சொல்ல நான் எழுதினேன். எழுதியதைப் படித்தேன். பேசினவளை விடக் கேட்டவர்களுக்கு ஞாபகம் அதிகம். "அத நீ அப்பறம்தான சொன்ன?" என்று ஒருவர் வரிசையைத் திருத்தினார். "பேரு சொல்லக் கூடாதவரு" வந்த இடத்தில், புருஷன் பேச்சையும் சேர்க்க வேண்டும் என்று நான்கு பேர் பிடிவாதம் பிடித்தார்கள். எழுதினேன். ரோசம்மாளுக்குத்தான் பெரிய மனக்குறை.

"நடுவுல நான் ஒரு கேள்வி கேட்டனே பாய். அது எங்க?"

"ரோசம்மா, இது ரகசிய ரிப்போர்ட்டு. இதுல பேரு வந்தா உனக்கும் கேசு வரும்," என்றார் தேசப்பன்.

"கேட்டது நானு. வேற எவ பேராச்சும் வந்தா நல்லா இருக்குமா?"

ரோசம்மாளின் பெயர் ஏறியது. அதைப் பார்த்து, தலையாட்டியவர்களும் இருமியவர்களும் தங்கள் பெயர் வேண்டும் என்றார்கள். கண்காணிக்கப்படுகிறவர்கள் இப்படி முண்டியடித்து வருவார்கள் என்று ரகசிய அறிக்கை என்பதைக் கண்டுபிடித்தவர் நினைத்திருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் முன்னால், பேச்சின் தொடக்கத்தில் வேலி விஷயம் வந்தபோது மட்டும் எல்லாரும் அடங்கியிருந்தார்கள். கெங்கம்மாள் சொன்னது இதுதான்: "வேலியப் புடுங்கணும்னு எனக்கும்தான் கை அரிக்குது. ஆனா நான் புடுங்க மாட்டேன். நீங்களும் தொடக் கூடாது. நாம புடுங்குனா நாம திருடிங்க. போட்டது தப்புன்னு சர்க்கார் மனுசன் வந்து பாத்துட்டு அவரே புடுங்கணும். அதுவரைக்கும் நான் பேசிக்கினே இருப்பேன்."

"இதான் சொன்னாங்களா?" என்று தேசப்பனைக் கேட்டேன்.

அவர் தன் மூன்று சொற்களைப் பார்த்தார். வேலி. பிடுங்க. கை. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "ஆமா. மூணும் இதுல இருக்குது," என்றார். பிறகு, "அந்தம்மா எனக்குத் தண்ணி குடுத்ததையும் எழுதுங்க. அதுவும் நடந்துச்சு," என்றார்.

அறிக்கை பதினோரு பக்கம் வந்தது. எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை முழுதாகப் படித்துக் காட்டினேன். சரி என்றார்கள். அப்புறம் ரேகை. நூற்றுப் பன்னிரண்டு பேர். மை தடவி வைக்க வைக்க, எல்லாம் மொழுமொழுவென்று விழுந்தன. கோடே இல்லை. இருபது வருஷம் உப்பு வாரிய விரலில் ரேகை தேய்ந்து போயிருந்தது. எனக்கு ஒழுங்கு கெட்டால் பொறுக்காது. ஒவ்வொரு மைப் பொட்டுக்கும் பக்கத்தில் பெயரையும், எத்தனை வருஷ வேலை என்பதையும் எழுதினேன். கடைசி வரியைப் போட்டேன். படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. தேசப்பன் அதற்குக் கீழே தன் பெயரைத் தமிழில், வேர்வையோடு, எழுதினார்.

சாயங்காலம் அவர் அதை சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தபோது நடந்ததைப் பிறகு சொன்னார். அதிகாரி ஏதோ பந்தோபஸ்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "பதினோரு பக்கமா? பலே," என்றார். முதல் பக்கத்தை மட்டும் படித்தார். முதல் பக்கத்தின் கடைசி வரி, "வேலியப் புடுங்கணும்னு எனக்கும்தான் கை அரிக்குது." அப்படியே கேஸ் கட்டில் வைத்து உறையிட்டு அனுப்பிவிட்டார். நான் எப்போதும் பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி எழுதுகிறவன். அந்த வரி இருபத்திரண்டாவதாக வந்தது என் செயல் அல்ல என்று இன்றைக்கும் சொல்வேன்.

விசாரணை வைகாசியில், தாலுகா மாஜிஸ்திரேட் கோர்ட்டில். கெங்கம்மாள் பெட்டியில் இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். திரும்பி வர முடியாமல் போனால் குடிசையைப் பார்த்துக்கொள்ள ரோசம்மாளிடம் சாவி கொடுத்திருந்தாள். ரயிலில் யாரும் சிரிக்கவில்லை. நான் என் நகல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டதற்கு எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு போனேன்.

மாஜிஸ்திரேட் வயதானவர், காகிதத்தை வரிவரியாகப் படிக்கிற சுபாவம். இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பியதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினோராம் பக்கம் முடிந்ததும் தேசப்பனைக் கூப்பிட்டார்.

"கான்ஸ்டபிள், இது ரகசிய அறிக்கைதானே?"

"ஆமாங்கய்யா."

"கேஸ்ல எதிரி இந்த அம்மா. அவங்களே ரேகை வச்சிருக்காங்க. எதிரியோட சேர்ந்து நூத்திப் பன்னெண்டு பேர் வச்சிருக்காங்க."

"படிச்சுக் காட்டினோமுங்க. சரின்னாங்க."

"ரகசியத்தையா?"

"தப்பா எழுதிடக் கூடாதில்லீங்களா," என்றார் தேசப்பன்.

பின்வரிசையில் யாரோ சிரித்து நிறுத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அப்போதுதான், மாஜிஸ்திரேட் படித்து வைத்த இரண்டாம் பக்கத்தை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் கடைசித் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதெல்லாம் ரேகையா, புளியங்கொட்டையா? ஒண்ணுலயும் கோடு இல்லையே."

யாரும் கேட்காமலே கெங்கம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "உப்பு தின்னுடுச்சுங்கய்யா. வேல முடிஞ்சு நல்ல தண்ணியில கழுவுனா தோல் கொஞ்சமாச்சும் தங்கும். கெணத்துக்குத்தான் வேலி போட்டுட்டாங்க. அதத்தான் பேசிக்கினு இருந்தேன். பேசறதுக்குத்தான் இங்க கூட்டியாந்துட்டாங்க."

மாஜிஸ்திரேட் தாளைக் கீழே வைத்து அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, போலீஸ் தரப்பே கொடுத்த அறிக்கையில் எதிரி அமைதியாக இருக்கச் சொல்லியிருக்கிறார், ஜாமீன் கேட்க முகாந்தரம் இல்லை என்று கேஸைத் தள்ளினார். கிணறு யார் பட்டாவில் இருக்கிறது என்று தாசில்தார் போய்ப் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு வரி கூடுதலாக எழுதினார்.

ரயிலில் திரும்பும்போது ரோசம்மாள் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றாள். இரண்டு நாளாவது அந்தக் குடிசையை ஆளலாம் என்று இருந்தாளாம்.

தாசில்தார் ஆனி மாதம் வந்தார். பாதை பொதுப்பாதை என்று கண்டார். வேலியை அவரது சேவகர் இருவர் பிடுங்கினார்கள். கெங்கம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள், ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. கம்பியைச் சுருட்டிக் கிணற்றோரம்தான் போட்டுவிட்டுப் போனார்கள். எப்போது வேண்டுமானாலும் மறுபடி விரிக்கலாம் என்பதுபோல அது அங்கேயே கிடந்தது. அதனால் அடுத்த கூட்டத்துக்கு மனு எழுதச் சொன்னாள்.

அனுமதி வந்தது. பழைய எட்டு நிபந்தனைகளும் இருந்தன. ஒன்பதாவதாக ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: "காவலர் எடுக்கும் குறிப்பு, கூட்டத்தினர் எவருக்கும் படித்துக் காட்டப்படலாகாது."

அதை நான் கெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

"அவரு நமக்குப் படிக்கக் கூடாது. நாம அவருக்குச் சொல்லலாம்ல?"

"அதுக்குத் தடை எதுவும் போடல."

கூட்டத்தன்று அவள் புளிய மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள். "எழுதிக்கினியா நைனா? தெலுங்குல சுளுவா வருதா? மெதுவா எழுது, நான் இருக்கேன். அடுத்தது சொல்லட்டா?" தேசப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அவர் பின்தங்கினால் வழிப்போக்கர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த வாக்கியத்தை மறுபடி ஒப்பித்தார்கள். அத்தனை சாட்சிகளோடு பேசப்பட்ட பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கே இருந்து கேட்டேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு என் மேஜையில் உட்கார்ந்து கேட்கவில்லை. நசீரா காலையில் நாஷ்டா வைக்கும்போது, "நடுவுலயே நிக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, இப்ப அந்த நடு எங்க இருக்குது?" என்று கேட்டிருந்தாள். கூட்டம் கூடுகிற நேரத்தில் மேஜையைப் பூட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து, மரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஐம்பதாவது ஆள் நான்தான். தேசப்பன் என்னிடம் வந்து நோட்டை விரித்தார்.

"பாய், கூட்டத்துல இருக்கறவங்க பேரு எழுதணும். உங்க பேரையும் எழுதட்டா?"

"எழுதுங்க."

எழுதினார். பழக்கம் விடுமா? "இன்னா எழுதுனீங்க, படிங்க பார்க்கலாம்," என்றேன்.

"படிக்கக் கூடாதாமே," என்றார். "ஒம்பதாவது."

பிறகு அவர் தான் எழுதியதை அடித்துவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். நான் அதில் என் பெயரைத் தமிழில், தெளிவாக, வரிசை எண் ஐம்பது என்று போட்டு எழுதிக் கொடுத்தேன்.